நீ இறுக்கித்தான் கொடுத்தாய்

கண்ணு,

எல்லோரும் சௌக்கியம் என்று ஆரம்பித்துவிடலாம். எழுதிப் பழகிய கை அந்தப் பக்கம்தான் இழுக்கிறது. ஆனால் நேற்று மத்தியானத்திலிருந்து உன் அம்மா என்னோடு பேசவில்லை. சோறு போடுகிறாள், சொம்பில் தண்ணீர் வைக்கிறாள், முகத்தை மட்டும் பார்ப்பதில்லை. அதன் காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் சொல்லவேண்டியது வேறு. நீ சனிக்கிழமை மெட்ராஸில் ரயில் ஏறுவதற்குள் இந்தக் கடிதம் உன் கையில் இருக்க வேண்டும். கூரியர்காரனிடம் மூன்று தரம் கேட்டு, அவன் சலித்துக்கொண்டுவிட்டான். ஞாயிற்றுக்கிழமை காலையில் நேராகத் துடியலூர் போய் மாமாவிடம் மன்னிப்புக் கேட்கப்போவதாக எழுதியிருந்தாய். கேட்காதே. மன்னிப்புக் கேட்கிற அளவுக்கு நீ எதுவும் செய்யவில்லை. செய்தவன் நான்.

நீ அனுப்பிய பார்சல் வந்து ஒன்பது நாளாகிறது. பைபர் கம்பு, கார்க் பிடி, தூண்டில் நரம்பு ஓடும் வளையங்கள், கூடவே இரண்டு ரீல் சீட். 'மாமாவுக்கு நல்லதாக ஒரு தூண்டில் கட்டிவிடுங்கள், எந்த சீட் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்' என்று துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்திருந்தாய். முந்தாநாள் உன் அம்மா இரண்டையும் எடுத்துப் பார்த்துவிட்டு, இது என்ன சாமான் என்று கேட்டாள். கம்பின் மேல் இந்தக் குழாயை மாட்டி ஒட்டிவிட வேண்டும், ரீலின் காலை இதன் பள்ளத்தில் வைத்து நட்டைத் திருகினால் ரீல் அசையாது, அவ்வளவுதான் வேலை என்று சொன்னேன். "இத்துனூண்டு கொழாய்க்கா ஏனுங்க ஒரு வாரமா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கறீங்க?" என்றாள். இரண்டையும் வாங்கித் திரும்ப மேசைமேல் வைத்தேன்.

இரண்டில் ஒன்று அலுமினியம், பளபளவென்று, தடியாக, முன்பக்கம் இரட்டை நட்டு. இன்னொன்று கருப்பு, மெலிசு, பிளாஸ்டிக் மாதிரி ஏதோ ஒன்று, நட்டு பின்பக்கம். பார்சலைப் பிரித்ததும் என் கை அலுமினியத்தைத்தான் எடுத்தது. எடுத்த பிறகுதான் எனக்கே சுருக்கென்றது. எட்டு வருடத்துக்கு முன்னாலும் இதே கை இதே மாதிரித்தான் எடுத்தது. எனக்குப் புத்தி வந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் வெறும் நினைப்புத்தான் போலிருக்கிறது.

ஆனால் என்னை உட்காரவிடாமல் செய்தது சீட் இல்லை, உன் காகிதத்தின் கடைசி வரி. 'அன்று நான் நட்டைச் சரியாக இறுக்காமல் கொடுத்ததற்கு இதையாவது செய்ய வேண்டும்' என்று எழுதியிருக்கிறாய். அன்றைக்கு நீ அப்படிச் சொல்லவில்லை. இறுக்கித்தான் கொடுத்தேன் என்று சொன்னாய். எல்லோர் முன்னாலும் சொன்னாய். எட்டு வருடத்தில் நீயே நம்பிவிட்டாயா? அந்த வரியைப் படித்த அன்று பட்டறையில் ஒரு மோட்டார் காயிலைத் தப்பாகச் சுற்றி, அவிழ்த்து, மறுபடி தப்பாகவே சுற்றினேன்.

முதலிலிருந்து சொல்கிறேன், உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே. மாமாவின் தையல் கடைக்குத் துபாய் போய் வந்த ஒரு வாடிக்கையாளர் ரீலும், கைப்பிடி இல்லாத கம்பும், ஒரு சின்னப் பிளாஸ்டிக் சீட்டும் கொடுத்தார். மாமாவுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் மீன்தான். மூங்கில் குச்சியோடு குளம் குளமாக அலைகிற மனிதருக்கு ரீல் கிடைத்ததும் தலைகால் புரியவில்லை. நேரே கணபதியில் இருக்கிற நம் பட்டறைக்குக் கொண்டுவந்து, "மச்சான், இத நீங்கதான் கட்டித் தரோணும். உங்க கை பட்டா அது நிக்குமுங்க" என்றார். எனக்கு அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. மோட்டார் ரீவைண்டிங்கில் என்னை அடிக்க ஆள் இல்லை என்று நான் நிமிர்ந்து நடந்த காலம். போர்வெல் குழிக்குள் தண்ணீரிலேயே கிடக்கிற மோட்டாரைக் கட்டுகிறவனுக்கு, தண்ணீருக்கு வெளியே நிற்கிற ஒரு கம்பு என்ன பெரிய காரியம் என்றுதான் நினைத்தேன்.

அந்தப் பிளாஸ்டிக் சீட்டை நான் கையில் வாங்கிப் பார்த்ததோடு சரி. நீ அப்போது பாலிடெக்னிக்கில் கடைசி வருடம். வெர்னியர் அளவுகோலால் கம்பையும் சீட்டையும் அளந்துவிட்டு, "அப்பா, இது கம்புக்குக் கச்சிதமா உக்காருதுங்க. இதையே போட்ரலாமுங்க" என்றாய். நான் சிரித்தேன். பக்கத்து லேத்தில் சொல்லி அலுமினியத்தில் ஒரு சீட் கடைந்து வாங்கி வந்திருந்தேன். நட்டில் பூப்பூவாக வரி வைத்து, பாலிஷ் போட்டு, பார்க்கிறவர்கள் கண் அதிலேயே நிற்கும்படி இருந்தது. நீ அதையும் அளந்தாய். "ஓட்டை பெருசா இருக்குதுங்கப்பா. சுத்திலும் மூணு மில்லி எடம் நிக்குது." உன் மூஞ்சியில் கேலி இல்லை, கவலைதான் இருந்தது. எனக்குத்தான் கேலியாகப் பட்டது. "மூணு மில்லிய அடைக்கறதுக்கு எனக்குச் சொல்லிக் குடுக்கறியா? நான் கட்டுன மோட்டாரு எத்தன கெணத்துல ஓடுது தெரியுமா?" என்று கேட்டேன். நீ வெர்னியரைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டுப் போய்விட்டாய்.

அந்த மூன்று மில்லியை எனக்குத் தெரிந்த வழியில் அடைத்தேன். காயிலுக்குச் சுற்றுகிற காட்டன் டேப்பைக் கம்பின் மேல் இறுக்கிச் சுற்றி, வார்னிஷில் முக்கி, அதன்மேல் சீட்டைத் தள்ளி ஏற்றினேன். வார்னிஷ் போட்ட மோட்டாரை ஓவனில் வைத்துச் சுட வேண்டும் என்று பட்டறைக்குப் புதிதாக வந்தவனுக்குக்கூடத் தெரியும். சுடாவிட்டால் மேலே தோல் கட்டும், உள்ளே பச்சையாகவே கிடக்கும். ஓவனில் அன்றைக்கு ஒரு மில்காரர் மோட்டார் இருந்தது. அதை எடுக்க மனமில்லை. கம்பு நீளமாக இருந்ததால் எப்படியும் கதவைத் திறந்துதான் வைத்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருந்தது. உன் அம்மா வீட்டுச் சனம் மொத்தமும் தாராபுரத்துக்குச் சாமி கும்பிட வருகிற நாள். அத்தனை பேர் முன்னால் அந்தக் கம்பு மாமா கையில் மின்ன வேண்டும் என்று எனக்கு ஆசை. மொட்டை மாடியில் வெயிலில் ஒரு நாள் காயப்போட்டேன். மறுநாள் விரலால் தட்டிப் பார்த்தேன், கல் மாதிரி இருந்தது. மேல்தோலைத்தான் தட்டினேன் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தே கொடுத்தேன்.

மற்றது நீ பார்த்தது. அமராவதி ஆற்றில் அந்தத் தடுப்பணைக்குக் கீழே, பாறை மேல் மாமா நின்றார். பெண்கள் மரத்தடியில் சமைத்துக்கொண்டிருந்தார்கள். ரீலை சீட்டில் வைத்து, நட்டைத் திருகி, அசைத்துப் பார்த்து, நீதான் மாமா கையில் கொடுத்தாய். மாமா வீசிய மூன்றாவது வீச்சில் கட்லா மாட்டியது. நல்ல பெரியது, கம்பு வில்லாக வளைந்தது, எல்லோரும் எழுந்து வந்துவிட்டார்கள். நான் உன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன், பார்த்தாயா என்கிற மாதிரி. அந்த நேரத்தில்தான் சீட் கம்பின் மேல் வழுக்கிச் சுற்றியது. ரீல் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டது, பிடியைச் சுழற்ற முடியவில்லை, மீன் ஓடுகிறது. விடக்கூடாது என்று மாமா நரம்பைக் கையாலேயே பிடித்து ஆள்காட்டி விரலில் ஒரு சுற்றுப் போட்டுவிட்டார். வலது கை. ஒரே இழுப்பு. எலும்பு தெரிந்தது.

துண்டைக் கட்டி வண்டியில் ஏற்றும்போது உன் அத்தை அழுதுகொண்டே கேட்டாள்: "ரீல மாட்டிக் குடுத்தது யாருங்க அண்ணா?" கட்டியது யார் என்று அவள் கேட்கவில்லை. அந்தக் கேள்வி எனக்கு வழி விட்டது, நான் நுழைந்துவிட்டேன். "பையன்தான் மாட்டுனான். நட்ட இறுக்காம குடுத்துப்போட்டான்" என்றேன். நீ என்னைப் பார்த்தாய். "இறுக்கித்தானுங்கப்பா குடுத்தேன்." நான் உன் தோளைப் பிடித்துத் தள்ளினேன். "இறுக்கியிருந்தா ஏன்டா சுத்துது?" இருபது பேர் கேட்டார்கள். நீ அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. நான் முதல் வேலையாக அந்தக் கம்பைத் துண்டில் சுருட்டி எடுத்துக்கொண்டேன், வேறு யாரும் தொட்டுப் பார்த்துவிடக் கூடாது என்று.

மறுநாள் பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு பிரித்தேன். சீட்டைப் பிடித்து இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. உள்ளே டேப் பூராவும் காயாத பச்சை வார்னிஷ், விரலில் ஒட்டியது, வாசம் அடித்தது. ரீல் மட்டும் சீட்டை விட்டு வரவில்லை. நட்டைக் கையால் திருப்பிப் பார்த்தேன், அசையவில்லை. துணி சுற்றித் திருப்பினேன், அசையவில்லை. பிளேயர் போட்டுத்தான் கழற்றினேன், கண்ணு. அவ்வளவு இறுக்கமாக இறுக்கியிருந்தாய். பிளேயரைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். எழுந்து வந்து உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். பட்டறைக்குப் பின்னாலேயே வீடு, நீ அடுத்த அறையில்தான் படித்துக்கொண்டிருந்தாய். எழுந்தேன், சீட்டைப் பழைய அலுமினியத்தோடு போட்டேன், கதவைத் திறந்தேன், அடுத்த மோட்டாரை எடுத்தேன்.

மாமாவின் காயம் ஆறியது, விரல் மடங்கவில்லை. தையல்காரனுக்கு அந்த விரல் என்ன என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அத்தை நம் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்தினாள். உன்னை மட்டும் அந்த வீட்டுக்கு அனுப்ப வேண்டாம் என்று ஆள் விட்டுச் சொன்னாள். உன் அம்மா தம்பி வீட்டுக்குப் போவதானால் தனியாகப் போய் வாசலோடு வருவாள். வரும்போதெல்லாம் உன்மேல் எரிந்து விழுவாள், 'ஒரு நட்டத் திருகத் தெரியல' என்று. நான் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். பீளமேட்டில் கிடைத்த வேலையை விட்டுவிட்டு நீ மெட்ராஸ் போகிறேன் என்றபோது ஏன் என்று நான் கேட்கவே இல்லை. கேட்டால் நீ சொல்லிவிடுவாயோ என்று பயம்.

போன பொங்கலுக்கு வந்திருந்தாயே, ஸ்கூட்டரைப் பூட்டிவிட்டு உள்ளே வந்தாய், திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தாய், படியேறினாய், மறுபடியும் போனாய். கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு அதையும் அப்படியே. "மூணு வாட்டி பாத்தாத்தான் ஆகுமா உனக்கு?" என்று உன் அம்மா சிரித்தாள், நீயும் சிரித்தாய்.  அந்தப் பழக்கத்தை உனக்குக் கொடுத்தது நான்தான். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். போன வாரம்கூட எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் உனக்குப் போன் போட்டேன், சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். எதற்குப் பண்ணினீர்கள் என்று நீ கேட்டாய், சும்மா என்றேன்.

கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு அப்பன் நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்பார்கள். சொல்கிற யோக்கியதை இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். நாளைக்கு உன் பெண்டாட்டி ஏதோ ஒன்றைக் காட்டி இது பொருந்தவில்லை என்று சொன்னால், சொல்வது யார் என்று பார்க்காதே, எடுத்து அளந்து பார். உன் தொழிலில் நீ எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அந்தத் தொழில் எல்லா இடைவெளியையும் அடைத்துவிடாது. தப்பு நடந்தால் அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் சொல்லிவிடு. மறுநாள் ஆகிவிட்டால் தப்பைச் சொல்வதோடு, நேற்று ஏன் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். எட்டு வருடம் ஆனால் என்ன ஆகும் என்று இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறாய்.

நேற்றுக் காலை உன் அம்மா முதல் பத்திரிகையைத் தாய்மாமனுக்குத்தான் வைக்க வேண்டும் என்று தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை எல்லாம் அடுக்கிக்கொண்டு கிளம்பினாள். வாங்குவாரோ மாட்டாரோ என்று பஸ்ஸில் அவள் தட்டை மடியை விட்டு இறக்கவே இல்லை. நான் உன் இரண்டு சீட்டையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஏன் என்று எனக்கே தெரியாது. மாமா மிஷினில் உட்கார்ந்திருந்தார், அந்த ஒரு விரல் மட்டும் நீட்டிக்கொண்டு. அம்மா தட்டை நீட்டுவதற்குள், "மாப்ள, ஒரு நிமிசம். வாங்கறதுக்கு முன்னால நான் ஒண்ணு சொல்லிப்போடறேன்" என்றேன். சொன்னேன். டேப், வார்னிஷ், வெயில், எல்லாம். அத்தை உள்ளேயிருந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உன் அம்மா பக்கம் நான் திரும்பவே இல்லை.

மாமா தைத்துக்கொண்டிருந்த துணியை மிஷினிலிருந்து உருவி மடித்து வைத்தார். பிறகு கேட்டார், "நட்டு இறுக்கமாத்தான் இருந்துதுங்களா மச்சான்?"

"பிளேயர் போட்டுத்தான் மாப்ள கழட்டுனேன்."

"அவன் மெட்ராசுக்குப் போறன்னிக்குக் கடைக்கு வந்தானுங்க. உங்களுக்குத் தெரியுமுங்களா?" எனக்குத் தெரியாது. நீ யாரிடமும் சொல்லவில்லை. "அங்க, அந்தக் கதவு நெலவுகிட்ட நின்னான். மாமான்னு கூப்புட்டான். நான் தலையத் தூக்கல. வெட்டிக்கிட்டிருந்த துணிய வெட்டிக்கிட்டே இருந்தேன். அர மணி நேரம் நின்னுப்போட்டுப் போய்ட்டானுங்க." மடங்காத விரலைத் தூக்கிக் காட்டினார். "வெரலு போனாப் போவுதுங்க மச்சான். அந்தக் கையிலயும் தைக்கப் பழகிக்கிட்டேன். அந்த அர மணி நேரத்த நான் எங்க கொண்டு போய் வெக்கறது?"

 பையிலிருந்து இரண்டு சீட்டையும் எடுத்து மிஷின் மேல் வைத்து, பையன் உங்களுக்குக் கம்பு கட்டச் சொல்லி அனுப்பியிருக்கிறான் என்றேன். எவ்வளவு மடத்தனம் பார், அந்த நேரத்தில். ஆனால் அவர் எடுத்தார். அலுமினியத்தைப் பிடித்துப் பார்த்தார், மடங்காத விரல் போய் நட்டின் திருகு மரைமேல் இடித்தது. கருப்பைப் பிடித்தார், விரல் வழவழப்பான முன்பக்கத்தில் நீட்டிப் படுத்துக்கொண்டது. "இதுதானுங்க" என்றார். ஒன்பது நாள் மேசைமேல் வைத்துப் பார்த்து நான் எடுத்திருந்தது மற்றதை. அந்தக் கையை ஒரு தரம் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பிறகு எழுந்து, "அக்கா, தட்ட நீங்களே கொண்டு போங்க" என்றார். உன் அம்மா விசும்பிவிட்டாள். "வேண்டாம்னு சொல்லலீங்க. பையனுக்கு மச்சான் எல்லாத்தையும் எழுதட்டும். அவன் படிச்சுப்போட்டு, அவனுக்கு மனசு இருந்தா, அவன் வந்து கூப்புடட்டும். அவன் கூப்புட்டா மொத ஆளா வாரேன். மச்சான் கூப்புட்டு நான் வரமாட்டேனுங்க. கம்பையும் அவனே கட்டட்டும், நீங்க தொட வேண்டாமுங்க." திட்டியிருந்தால் தேவலை. அந்த மரியாதை குறையாமல் சொன்னதுதான் என்னை அடித்துப்போட்டது. திரும்பி வரும்போது உன் அம்மா பஸ்ஸில் முன்னால் போய்ப் பெண்கள் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். இறங்கியதும் ஒன்றே ஒன்று சொன்னாள்: "எம்பட பையன எத்தன வருசம் என்னையே வைய வெச்சிருக்கறீங்க." அதுதான் கடைசிப் பேச்சு.

பார்சலை நீ அனுப்பிய மாதிரியே, மாமா திருப்பிக் கொடுத்த இரண்டு சீட்டோடு, திரும்ப அனுப்புகிறேன். கருப்பு சீட்டைப் போடு. கம்பில் எங்கே எவ்வளவு இடைவெளி என்று நீயே அளந்துகொள், என்னைக் கேட்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை துடியலூர் போ. இங்கே வந்துவிட்டுப் போக வேண்டாம், என்னைப் பார்த்தால் உனக்கு மனசு இளகிவிடும். அங்கே என்னைப் பற்றிப் பேச்சு வந்தால் எனக்காகப் பரிந்து பேசாதே. உன் அம்மாவிடமும் எனக்காகப் பேசாதே. மன்னித்துவிட்டேன் என்று அவசரப்பட்டு எழுதிவிடவும் செய்யாதே. கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிடுகிற குணம் உனக்கு. இதை மட்டும் யோசித்துக் கொடு, கொடுக்க முடியாவிட்டால் கொடுக்காதே. கல்யாணத்தன்று முகூர்த்த நேரத்தில் நான் எங்கே நிற்க வேண்டும், மேடையிலா, பந்தலிலா, வெளியிலா என்று மட்டும் சொல்லி அனுப்பு. அங்கே நிற்கிறேன்.

உன் அப்பா